ஒரு தீர்ப்பைப் படித்தால் போதுமா?



உங்கள் மகளோ மகனோ சட்டம் படிக்கின்றாரா? அல்ஹம்துலில்லாஹ். அவருடைய மேசையில் பாடக் குறிப்புகள் மாத்திரமா இருக்கின்றன, மூல நூல்களும் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள். அறபுக் கல்லூரியில் நாங்கள் ஒரு மஸ்அலாவைச் சொன்னால், "எந்தக் கிதாபில்?" என்றுதான் உஸ்தாத்மார் முதலில் கேட்பார்கள். சட்டக் கல்வியும் அப்படித்தான்.

முதலில் சட்டத்தையே எடுத்து வாசிக்க வேண்டும். எங்கள் குடும்ப விவகாரங்களுக்குரியது 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதன் 27 ஆம் பிரிவு கணவன் செய்யும் விவாகரத்தையும், 28 ஆம் பிரிவு மனைவி கோரும் விவாகரத்தையும் சொல்கின்றன. ஆனால் பிரிவுகளை மட்டும் வாசித்தால் நடைமுறை விளங்காது. அது இறுதியிலுள்ள இரண்டாம், மூன்றாம் அட்டவணைகளில் இருக்கின்றது. பிற்காலத் திருத்தங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அடுத்தது தீர்ப்புகள். "67 புதிய சட்ட அறிக்கைகள் 25" என்று எழுதியிருந்தால், 67 என்பது தொகுதி, 25 என்பது பக்கம். அந்தப் பக்கத்தில் ரீட் வழக்கு இருக்கின்றது. கிறிஸ்தவ முறைப்படி மணம் முடித்த ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி, முதல் மனைவி இருக்கவே இன்னொருவரை மணந்தார். அது குற்றமல்ல என்று பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது.

இத்துடன் புத்தகத்தை மூடிவிடும் மாணவர் தவறிவிடுவார். 1997 இல் எமது உயர் நீதிமன்றம் அபேசுந்தர வழக்கில், முந்திய பதிவுத் திருமணம் நிலைத்திருக்கும்போது மதம் மாறிச் செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாது என்று தீர்த்தது. அது 1998 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகள், முதலாம் தொகுதி, 185 ஆம் பக்கத்தில் இருக்கின்றது. பழைய தீர்ப்பை நம்பி ஒரு குமரைக் கட்டிக் கொடுத்தால், அவளுடைய கதி என்ன? நாஸிஹ் எது, மன்ஸூஹ் எது என்று தெரியாமல் பத்வா சொல்வதற்கு ஒப்பானது இது.

ஆகவே ஒரு தீர்ப்பைக் கண்டால், பின்னர் வந்த தீர்ப்புகள் அதை ஏற்றனவா, மாற்றினவா என்று தேட வேண்டும். தலைப்பில் அச்சிட்டிருக்கும் சுருக்கம் தீர்ப்பாகாது. நடந்தது என்ன, எழுந்த கேள்வி என்ன, நீதிபதி கூறிய காரணம் என்ன என்று மூன்றையும் சொந்த வசனத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பேச்சோடு பேச்சாக நீதிபதி சொன்னது வேறு. முடிவுக்குக் காரணமானது வேறு.

சகோதரிகளே, 74 ஆம் பிரிவின்படி காதி முன்னிலையில் சட்டத்தரணி தோன்ற முடியாது. மஹருக்கும் தாபரிப்புக்கும் எங்கள் பெண்கள் தாங்களே நின்று பேச வேண்டியிருக்கின்றது. சட்டம் படிக்கும் உங்கள் மகள், அயல் வீட்டுச் சாச்சிக்கு உரிய பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டினால், அதுவே பெரிய உதவி. அந்தப் பக்கம் சரியான பக்கமாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் பயனுள்ளதாக்கி வைப்பானாக!