ஜெயித்தாலும் தப்பு தப்புதான்! - போக்கர் மேசை சொல்லித்தரும் பாடம்

சீட்டுக்கட்டில் மொத்தம் எத்தனை சீட்டுகள்? இதுகூடச் சரியாகத் தெரியாமல்தான் போக்கர் கற்றுக்கொள்ளக் கிளம்பினார் மரியா கொன்னிகோவா. அமெரிக்க எழுத்தாளர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். வாழ்க்கையில் எது நம் கையில் இருக்கிறது, எது அதிர்ஷ்டம் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் நோக்கம். குருவாகக் கிடைத்தவர் போக்கர் ஜாம்பவான் எரிக் சைடல்.

எடுத்த எடுப்பிலேயே மரியா பெரிய மேசையில் போய் உட்காரவில்லை. அவர் வசித்த நியூயார்க்கில் ஆன்லைன் போக்கருக்கு அனுமதி இல்லை. அதனால் ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சி போய், காபி ஷாப்பில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, சின்னத் தொகைக்கு ஆடிப் பழகினார்.

புலம்பலுக்குத் தடை

'நல்ல சீட்டு இருந்தும் தோத்துட்டேன்' என்ற புலம்பலைக் கேட்க சைடல் தயாராக இல்லை. என்ன யோசித்தாய், ஏன் அப்படி ஆடினாய் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஏன் தெரியுமா?

ஒரு சின்னக் கணக்கு. மேசையில் 6 டாலர் இருக்கிறது. தொடர்ந்து ஆட நீங்கள் 2 டாலர் போட வேண்டும். கடைசிச் சீட்டு ஹார்ட்டினாக வந்தால் ஜெயிப்பீர்கள், இல்லையென்றால் தோல்வி. நீங்கள் பார்க்காத சீட்டுகள் 46, அதில் ஹார்ட்டின் 9. இதே நிலைமையில் 46 முறை ஆடினால், சராசரியாக 9 முறை ஜெயித்து 54 டாலர் வரும். 37 முறை தோற்று 74 டாலர் போகும். நஷ்டம் 20 டாலர்!

ஆனால், இன்று ஒருமுறை ஆடி ஹார்ட்டின் வந்துவிட்டால், 'நான் கில்லாடி' என்று மனசு சொல்லும். அங்கேதான் ஆபத்து. தப்பான முடிவுக்குப் பரிசு கிடைத்தால், அதே தப்பைத் திரும்பவும் செய்வோம்.

இன்னொரு எதிரி, கோபம். தோற்ற பணத்தை உடனே மீட்கத் துடிக்கும் நிலையை போக்கரில் 'டில்ட்' என்பார்கள். அந்த நேரத்தில் கணக்கு மறந்துபோகும், கை மட்டும் வேலை செய்யும்.

மரியா 2018 ஜனவரியில் பஹாமாஸில் நடந்த போட்டியில் பட்டம் வென்றார். பரிசு 80 ஆயிரம் டாலருக்கும் மேல்!

நமக்கு எதற்கு?

உடனே மொபைலை எடுக்காதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமில்லாமல் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துத் தவித்த குடும்பங்களைத் தமிழ்நாடு நிறையவே பார்த்திருக்கிறது.

ஆட்டம் வேண்டாம், பாடம் போதும். ஷேர் வாங்கினாலும், கடன் எடுத்தாலும், வேலை மாறினாலும் இந்த மூன்றைப் பழகிப் பாருங்கள்:

* முடிவெடுக்கும்போதே காரணத்தை இரண்டு வரியில் எழுதிவையுங்கள். பிறகு பலனோடு சேர்த்து, காரணத்தையும் சரிபாருங்கள்.
* எவ்வளவு போனால் நிறுத்துவது என்பதை ஆரம்பிப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள்.
* கோபத்திலோ, தூக்கக் கலக்கத்திலோ பணம் சம்பந்தமான எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எந்தச் சீட்டு வரும் என்பது நம் கையில் இல்லை. எப்போது எழுந்து போவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.