தானியங்கி விற்பனை இயந்திரம்: பணம் போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு



நம் கடைவீதிகளுக்கு வரும் ஏஜெண்டுகளில் இயந்திரம் விற்பவர்கள் ஒரு தனி ரகம். கையில் பளபளப்பான வண்ணப் புத்தகம், வாயில் ஒரே பாடம். "கடை வாடகை கிடையாது, சிப்பந்தி சம்பளம் கிடையாது, நீங்கள் தூங்கும்போதும் கல்லா நிறையும்." டீ, காபி தரும் இயந்திரம், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் தரும் கண்ணாடி இயந்திரம் என்று இரண்டு வகையும் இப்போது ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், கல்லூரி விடுதி, தொழிற்சாலை வாசல் என்று பரவி வருகின்றன. மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கும் சரக்கு கைவசம் இருக்கிறது, மொத்த விலைக்குக் கிடைக்கிறது. எனவே இது நமக்கு ஏற்ற தொழில்தானே என்று தோன்றுவது இயல்பு. ஏற்ற தொழில்தான், கணக்குத் தெரிந்து இறங்கினால்.

காசு போட்டால் பொருள் தரும் இயந்திரம் நமக்குப் புதிதல்ல. ரயில் நிலையங்களில் விளக்குகள் மின்ன நின்ற எடை பார்க்கும் இயந்திரத்தை யார் மறந்திருப்பார்கள்? ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் அதிர்ஷ்ட வாசகமுமாக விழுந்த அந்த அட்டைக்கு அடக்கம் மிகக் குறைவு, கெட்டுப்போகும் சரக்கும் அல்ல. அந்த வசதி பிஸ்கட்டுக்கும் பாலுக்கும் இல்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏஜெண்டு போடும் கணக்கு இப்படி இருக்கும். ஒரு நாளைக்கு 100 பொட்டலம், பொட்டலம் ரூ.20, ஆக ரூ.2,000. மாதம் ரூ.60,000 வருமானம். இதில் வருமானம் என்று அவர் சொல்வது விற்பனையை. இலாபம் எவ்வளவு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், போடும் முறை மாறாது.

இயந்திரம் ரூ.1,50,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் உழைக்கும் என்றால் தேய்மானம் மாதம் ரூ.2,500. நூற்றுக்கு 12 வட்டி என்றால் மாதம் ரூ.1,500. கைப்பணம் போட்டாலும் வட்டியை எழுதியே ஆகவேண்டும். அதே பணத்தைச் சரக்கில் போட்டிருந்தால் அது சம்பாதித்திருக்கும் அல்லவா? இடத்துக்கு வாடகை ரூ.3,000. குளிரூட்டும் பெட்டி இரவு பகலாக ஓடுவதால் மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் ஆகும். வணிக இணைப்புக் கட்டணத்தில் ரூ.2,000 என்று கொள்ளலாம். சரக்கு நிரப்பும் பையனுக்கும் பெட்ரோலுக்கும் ரூ.3,000. மொத்தம் ரூ.12,000.

இனி வரவு. ரூ.20 பொட்டலத்தில் நமக்கு நூற்றுக்கு 10 நின்றால் ரூ.2. அப்படியானால் மேலே சொன்ன செலவை அடைக்கவே மாதம் 6,000 பொட்டலம், அதாவது நாள் ஒன்றுக்கு 200 விற்க வேண்டும். நூற்றுக்கு 15 நின்றால் 134. ஏஜெண்டு சொன்ன அதே 100 பொட்டலம் விற்றால் நூற்றுக்கு 10 என்ற வகையில் நமக்கு மிஞ்சுவது மாதம் ரூ.6,000, செலவில் பாதிதான் தேறும். ஒரு பொட்டலம் உள்ளே சிக்கிப் பழுதாவதையோ, கண்ணாடி உடைவதையோ இதில் சேர்க்கவே இல்லை.

விலையை ஏற்றி விற்றுச் சரிக்கட்டலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வழி அடைபட்டது. பொட்டலப் பொருளை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி குற்றம். குளிர வைத்ததற்குக் கூலி என்று இரண்டு ரூபாய் சேர்ப்பதும் அதில் அடங்கும். விற்றது இயந்திரமானாலும் பதில் சொல்ல வேண்டியவர் அதை வைத்தவரே. ஆகவே வாடகையும் மின்சாரமும் நம் கமிஷனுக்குள்ளிருந்துதான் போக வேண்டும். மொத்த வியாபாரியாக இருந்து நேரடியாகக் கொள்முதல் செய்கிறவருக்கு இதில் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. சில்லறைக்கு வாங்கி நிரப்புகிறவருக்கு இல்லை.

டீ இயந்திரத்தில் விலையை நாமே வைக்கலாம் என்பதால் கணக்கு வேறு. பால், சர்க்கரை, தேயிலை கலந்த பொடி ஒரு குவளைக்கு 12 முதல் 15 கிராம் தேவைப்படும். ஒரு கிலோவுக்கு 70 குவளை என்பது நியாயமான கணக்கு. நூறு குவளை வரும் என்று ஒருவர் சொன்னால் பொடியைக் குறைத்துத் தண்ணீர் காட்டச் சொல்கிறார் என்று பொருள். நம் ஜனங்களுக்கு டீ விஷயத்தில் நாக்கு நீளம். எதிரே மாஸ்டர் ஆற்றிக் கொடுக்கும் டீயும், உட்காரப் பெஞ்சும், புரட்டிப் பார்க்கப் பேப்பரும் இருக்கும்போது சுவையில்லாத இயந்திர டீக்கு இரண்டாம் தடவை யாரும் வரமாட்டார்கள். அதனால் டீக்கடை இருக்கும் இடத்தில் இயந்திரம் வைப்பதே வீண். டீக்கடை அடைத்தபின் ஆள் நடமாட்டம் உள்ள இடம்தான் இதற்குரிய இடம்: ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருப்பவர்கள், மூன்று ஷிப்டு ஓடும் ஆலை, தேர்வுக் காலத்து விடுதி.

இன்னொரு கண்ணியும் இங்கே உண்டு. இயந்திரத்தை மலிவாகவோ வாடகையின்றியோ தந்துவிட்டு, பொடியைத் தங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும், மாதம் இத்தனை கிலோ எடுத்தே ஆகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். பொடியின் விலையை ஏற்றும் உரிமை அவர்கள் கையில் இருக்கும். இலவசமாக வந்த இயந்திரத்தின் விலையைப் பொடியிலேயே வசூலித்துவிடுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திர விலை, பொடி விலை, குறைந்தபட்சக் கொள்முதல் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

குவளை என்று சொன்னதும் ஒரு முக்கிய விஷயம். நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு விதிக்கப்பட்ட தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அடக்கம். இதை எதிர்த்துக் காகிதக் குவளை உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குவளை மீதான தடை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. தெருவுக்குத் தெரு இன்னும் அது புழங்குகிறதே என்று கேட்கலாம். சோதனைக்கு வருகிறவர்கள் அந்தப் பதிலை ஏற்பதில்லை. சரக்கும் போய் அபராதமும் கட்ட நேரும். குவளை தானே விழும் வகை இயந்திரத்தை வாங்குவோர், எந்தக் குவளையைப் போடப் போகிறோம், அதன் விலை என்ன என்று தீர்மானித்துக்கொண்டே முன்பணம் கொடுக்க வேண்டும். நாமே குவளையை வைத்துப் பிடிக்கும் வகை என்றால் கண்ணாடி, எவர்சில்வர் டம்ளர் வைக்கலாம். ஆனால் கழுவ ஆள் வேண்டும், ஆள் இல்லாத் தொழில் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

தண்ணீரும் இதைப் போலத்தான். நம் ஊர்களில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதை அப்படியே ஊற்றினால் சூடாக்கும் கம்பியில் சுண்ணாம்பு படிந்து, முதலில் கொதிக்க நேரமாகும், பிறகு மின்சாரம் கூடும், கடைசியில் கம்பி எரியும். சுத்திகரித்த தண்ணீருக்கு ஆகும் செலவைக் குவளைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் பொடி ஈரம் கட்டி இறுகிக் குழாயை அடைக்கும். பொடியும் நீரும் கலக்கும் கிண்ணத்தைத் தினமும் வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் பால் புளித்த வாடை வரும். பின்பக்கத்துச் சூட்டுக்குக் கரப்பான் குடியேறும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ இந்தத் தொழிலுக்கும் தேவை. கடைக்கு வாங்கியது இதற்கும் போதுமா, இயந்திரம் வைக்கும் இடத்துக்குத் தனியாக வேண்டுமா என்பதை நம் பகுதி அலுவலரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கிறது என்று மகிழ்ந்து சிலர் சிப்ஸ், குளிர்பான இயந்திரம் வைக்கப் பார்க்கிறார்கள். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று 2020-இல் வந்த ஒழுங்குமுறை சொல்கிறது. தலைமையாசிரியர் சரி என்றாலும் சட்டம் சரி என்னாது.

அடுத்தது பணம் வாங்கும் பகுதி. நாணயத்தை இயந்திரம் அதன் எடை, குறுக்களவு, உலோகம் கொண்டு அறிகிறது. நம் நாட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் ஒவ்வொன்றிலும் அளவு வேறுபட்ட பல வரிசைகள் ஒரே சமயத்தில் புழங்குகின்றன. 2011-இல் நாணயங்களின் வடிவம் மாறியது. 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் பக்கத்தில் கிளம்பிய புரளிக்கு ரிசர்வ் வங்கியே 2018-இல் 14 வடிவங்களும் செல்லும் என்று விளக்கம் தர வேண்டியிருந்தது. நோட்டும் அப்படியே. 2016-க்குப் பின் வந்த புதிய வரிசையில் 10 ரூபாய் நோட்டின் நீளம் 137 மில்லிமீட்டரிலிருந்து 123 ஆயிற்று, 100 ரூபாய் நோட்டு 157-லிருந்து 142 ஆயிற்று. பழையதும் புதியதும் இரண்டும் செல்லும். இயந்திரம் இரண்டையும் அறிய வேண்டும். அறிந்தாலும், நம் கையில் புரளும் கசங்கிய பத்து ரூபாய் நோட்டைப் பாதி நேரம் வெளியே தள்ளிவிடும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். தானியங்கி இயந்திரத்துக்குப் பேர்போன ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 56 லட்சம் இயந்திரங்கள் இருந்தன. பிற்பாடு அது 40 லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அங்கே 2021 நவம்பரில் புதிய 500 யென் நாணயமும், 2024 ஜூலையில் புதிய நோட்டுகளும் வந்தபோது, இயந்திரம் வைத்திருந்த சிறு வியாபாரிகள் பணம் வாங்கும் பகுதியை மாற்றச் செலவழிக்க நேர்ந்தது.

நம் நாட்டில் கைப்பேசியில் கோடு காட்டிப் பணம் கட்டும் யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தபின் இந்தக் கஷ்டம் பெருமளவு தீர்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. கடைச் சுவரில் ஒட்டும் சாதாரண அட்டையை இயந்திரத்தில் ஒட்டினால் பணம் வந்தது இயந்திரத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு விற்பனைக்கும் தொகையோடு புதிய கோடு திரையில் வரும் வகைதான் பயன்படும். அதற்கு எப்போதும் சிக்னல் வேண்டும். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லையென்றால் இயந்திரம் வெறும் அலமாரி. வாங்குவதற்கு முன் அந்த இடத்தில் கைப்பேசியைப் பிடித்துப் பார்த்துவிடலாம், காசு செலவில்லாத சோதனை.

இதைவிட முக்கியம், பணம் யார் கணக்கில் விழுகிறது என்பது. சில கம்பெனிகள் வசூலைத் தங்கள் கணக்கில் வாங்கி, வாரம் ஒருமுறை பிடித்தம் போக அனுப்புகின்றன. நம் சரக்கை விற்ற பணம் ஏழு நாள் இன்னொருவர் கையில் நிற்கிறது. அந்தக் கம்பெனி கதவடைத்தால் நாம் கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்போம். பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குவதே உத்தமம். அதே சமயம், பணம் நம் கணக்கில் ஏறிப் பொட்டலம் விழாவிட்டால், திருப்பித் தரும் பொறுப்பு நம்முடையது. இயந்திரத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் நம் தொலைபேசி எண்ணை ஒட்டி, புகார் வந்த அன்றே பணம் திருப்ப வேண்டும். பத்து ரூபாய் போனவர் இயந்திரத்தை உதைப்பார். கண்ணாடியின் விலை பத்து ரூபாய் அல்ல.

ரொக்கம் எடுப்பதில் பழைய வழக்கமே சிறந்தது. சாவி ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம். உள்ளே மொத்த விற்பனையைக் காட்டும் எண் இருக்கும். அழிக்க முடியாத வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த எண், எடுத்த ரொக்கம், வைத்த சரக்கு மூன்றும் பேரேட்டில் ஏற வேண்டும். புதுச் சரக்கைத் தட்டின் பின்வரிசையில் வைத்தால்தான் பழையது முதலில் போகும். அவசரத்தில் முன்னால் செருகிவிட்டால் காலாவதியான பிஸ்கட் நம் பேரில் விற்பனையாகும்.

இடம் தருகிறவரோடு செய்யும் ஒப்பந்தத்தில், அவருக்கு அந்த இடத்தை விட உரிமை உண்டா, கட்டட முதலாளியின் எழுத்து இருக்கிறதா, எத்தனை நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம், இரவில் நம் ஆள் உள்ளே போகலாமா, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கம்பெனியோடு செய்வதில், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், உதிரிபாகம் நம் மாவட்டத்தில் கிடைக்குமா, திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று வாயால் சொன்னது தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் இவ்வளவு நிச்சயம் என்று எழுதித் தருகிறவரிடம், அவருடைய இயந்திரம் ஏற்கெனவே ஓடும் இரண்டு இடங்களின் முகவரியைக் கேட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு பகல் முழுக்க நின்று எண்ணிப் பார்க்கலாம். முகவரி தரத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திடுமுன் அதன் நகலை நம் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டும் உறுப்பினர்களுக்கு, உடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.