பழைய உழவியந்திரங்களின் தொடரிலக்கம்: காணுதலும் வாசித்தலும்

சிலாபத்தையடுத்த முன்னேசுவரத் திருக்கோயிலிலே, கோட்டையிலிருந்து அரசாண்ட ஆறாம் பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டொன்று கிரந்த எழுத்தில் உண்டு. அது 15ஆம் நூற்றாண்டுக்குரியது. கல்வெட்டறிஞர் இத்தகைய கல்லை அணுகும்போது முதலில் அதனைக் கழுவித் துடைப்பர். பின்னர் மைப்படி எடுப்பர். ஐயத்திற்கிடமான எழுத்தை ஐயமென்றே குறிப்பர். அதன் பின்னரே பொருள் கூறத் துணிவர். இம்முறைமை கோயிற் கல்லுக்கு மட்டும் உரியதன்று. அதே கரையோரத்தில், தென்னந்தோட்டக் கொட்டில்களிலும் கற்பிட்டி மணற்பரப்பின் தோட்டங்களிலும் துருவேறி நிற்கும் பழைய உழவியந்திரங்களுக்கும் அது பொருந்தும். அவற்றின் இரும்பிலும் எழுத்துண்டு. அதனை எங்கே தேடுவது, எவ்வாறு வாசிப்பது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

இது வெறும் பழம்பொருள் ஆர்வமன்று. நம் நாட்டில் வாகனப் பதிவேட்டில் அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் எழுதப்பெறுகின்றன. ஏட்டிலுள்ள இலக்கமும் இரும்பிலுள்ள இலக்கமும் ஒத்துவராவிடின் உரிமை மாற்றம் இடர்ப்படும். தந்தை இறந்தபின் அவருடைய வண்டியை விற்கவோ தம் பெயருக்கு மாற்றவோ முயன்று, இலக்கம் தேய்ந்துபோன ஒரே காரணத்தால் அலைந்து களைத்த குடும்பத்தை யான் அறிவேன். உழுதுகொண்டிருந்த வண்டி அவர்கள் முற்றத்தில் பழைய இரும்பாய் நின்றது.

இலங்கையின் வயல்களிலும் தோட்டங்களிலும் பழகிய பழைய நாற்சில்லு வண்டிகளுள் முதன்மையானவை பேர்குசன் மரபைச் சேர்ந்தன. அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்குசன் வகுத்த முறைப்படி, இங்கிலாந்தின் கவென்றி நகரிலே ஸ்ராண்டேர்ட் மோட்டார் கம்பனியார் 1946 முதல் 1956 வரை ரீ.ஈ. 20 என்னும் சாம்பல்நிற வண்டியைச் செய்தனர். பத்தாண்டில் 5 இலட்சத்திற்கு மேல் வெளிவந்தன. 1953இல் பேர்குசன் நிறுவனம் மாசி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அதன்பின் 1956இல் 35 என்னும் வகையும், 1964இன் இறுதியில் 135 என்னும் வகையும் தோன்றின. இவற்றோடு போட்டியிட்டது டகனத்திலே செய்யப்பெற்ற போர்ட்சன் மேஜர். சென்னையில் மாசி பேர்குசன் உடன்படிக்கையோடு எழுந்த டாபே நிறுவனம் 1961 முதல் அம்மரபின் வண்டிகளை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. அவையும் இங்கு வந்து சேர்ந்தன. இருசில்லு வண்டியைப் பற்றி விரிக்க இடமில்லை. லாண்ட்மாஸ்டர் என்ற ஆங்கிலேய வணிகப் பெயர் நம் மக்கள் வாயில் அவ்வகை முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்டது என்பதை மட்டும் கூறி அமைவோம்.

இனி, தேடும் இடம். பேர்குசன், மாசி பேர்குசன் வண்டிகளில் ஓட்டுநர் முன்னுள்ள கருவிப் பலகையில் ஒரு சிறு தகடு தறையாணியால் பொருத்தப்பட்டிருக்கும். வகையைக் குறிக்கும் எழுத்துகளும் தொடரிலக்கமும் அதில் இருக்கும். போர்ட்சன் மேஜரிலோ தகட்டை நம்பவேண்டியதில்லை. எஞ்சினுக்குப் பின்னே பறப்புச்சில்லை மூடிய வார்ப்பு உறையின் இடப்பக்கத்தில் இலக்கம் நேரே குத்தப்பட்டிருக்கும். இடம், வலம் என்பன ஆசனத்தில் அமர்ந்து முன்னோக்கும் ஓட்டுநருக்குரியவை. வண்டியின் முகத்தெதிரே நின்று இடப்பக்கம் தேடுவோர் அரைநாளை வீணாக்குவர்.

இங்கே தொடக்கத்தில் எவரும் செய்யும் பிழையொன்றைச் சுட்டவேண்டும். வண்டியின் மேனியில் புடைத்து நிற்கும் பெரிய இலக்கங்கள் பலவற்றைக் காணலாம். அவை தெளிவாயும் அழகாயும் இருப்பதால் கண்ணைக் கவரும். ஆயின் அவை தொடரிலக்கம் அல்ல; வார்ப்பு அச்சிலேயே அமைந்த உறுப்பிலக்கங்கள். ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான உறைகளிலும் அதே இலக்கமே இருக்கும். தொடரிலக்கமோ உருக்கு அச்சினால் அடித்துப் பதிக்கப்பெற்றது. ஆகலின் அது குழிந்திருக்கும், வரிசை சற்றே கோணியும் இருக்கும். புடைத்தது குலப்பெயர், குழிந்தது ஆட்பெயர் என மாணவர் நினைவிற் கொள்ளலாம்.

எஞ்சின் இலக்கத்தையும் வண்டியின் தொடரிலக்கத்தையும் ஒன்றெனக் கொள்வது மற்றொரு பிழை. எஞ்சின்கள் தனியே எண்ணப்பெற்றன. ஸ்ராண்டேர்ட் எஞ்சினின் இலக்கம் எஸ் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஈ என்பதில் முடிவதுண்டு. பெர்க்கின்ஸ் நிறுவனம் 1974 முதல் தன் எஞ்சின் இலக்கத்தின் இறுதியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தொன்றைச் சேர்த்தது. ஏ என்பது 1974. பழைய வண்டிக்குப் புதிய எஞ்சின் பூட்டுவது நம்மூர் வழக்கமாதலின், எஞ்சினின் வயதை வண்டியின் வயதாகக் கூறலாகாது.

இனி வாசித்தல். ரீ என்பது உழவியந்திரத்தையும், ஈ என்பது இங்கிலாந்தையும் குறிக்கும். அவற்றையடுத்து வரும் எழுத்து எரிபொருளையும் பிற வேறுபாடுகளையும் காட்டும்: ஏ எனின் பெற்றோல், டி எனின் மண்ணெண்ணெயை ஒத்த ஆவியாகும் எண்ணெய், எப் எனின் டீசல். இவ்வெழுத்துகளை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் எழுதிவருவோர் உண்டு. அதனால் நேரும் கேட்டினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 80,000 என்ற இலக்கம் நம் கையில் இருக்கிறதெனக் கொள்க. ரீ.ஈ. 20 வகையில் 1949ஆம் ஆண்டு 77,773இல் தொடங்கியது. 1950ஆம் ஆண்டு 116,551இல் தொடங்கியது. ஆகவே அவ்வண்டி 1949க்குரியது. கவென்றியில் செய்த 35 வகையில் 1958ஆம் ஆண்டின் தொடக்கம் 79,553, அடுத்த ஆண்டின் தொடக்கம் 125,068. ஆகவே அதே 80,000 இங்கு 1958ஐக் குறிக்கும். 135 வகையில் 1967 தொடங்கியது 67,597இல், 1968 தொடங்கியது 93,305இல். ஆகவே அது 1967 ஆகிவிடும். ஒரே இலக்கம், மூன்று வண்டிகள், பதினெட்டு ஆண்டு இடைவெளி! வகை அறியாத இலக்கம் மன்னன் பெயரில்லாத ஆட்சியாண்டைப் போன்றது.

மேலும், இவ்வாறு பெறும் ஆண்டு தொழிற்சாலையை விட்டு வண்டி வெளிவந்த ஆண்டே. கப்பலேறிக் கொழும்பில் இறங்கி, விற்பனையாகிப் பதிவு பெற்ற ஆண்டு அதற்குப் பிந்தியதாயிருத்தல் இயல்பு. இவ்விரண்டும் வேறுபடக் கண்டவுடன் ஏமாற்று என்று கூவவேண்டியதில்லை.

புத்தளக் கரையோரத்திற்கே உரிய இடர் உப்பு. முந்தல் முதல் கற்பிட்டி வரை கடலும் களப்பும் இருபுறமும் சூழ்ந்த நிலத்தில், பாலாவி உப்பளங்களின் மேலாய் வரும் காற்றில், இரும்பு நிலைத்தல் அரிது. வேற்றுலோகத் தகடொன்று இரும்போடு தொட்டிருக்க, இடையே உப்புநீர் தங்குமாயின், அங்கு ஒரு சிறு மின்கலமே உண்டாகிறது. இரண்டில் ஓர் உலோகம் விரைந்து அரிக்கப்படும். இரசாயன மாணவர் இதனை ஆய்கூடத்தில் கற்பர். நம் உழவர் தகடு கழன்று விழுந்தபோது அறிகின்றனர். விழுந்த தகட்டைத் தகரப் பேணியில் இட்டு வைப்பது வழக்கம். தோட்டமொன்றில் அத்தகைய பேணியிலிருந்து இரு தகடுகள் எனக்குக் காட்டப்பட்டன. கொட்டிலில் நின்ற வண்டியோ ஒன்று. எந்தத் தகடு அதற்குரியதென்று துளைகளின் இடைவெளியையும் பதிவேட்டையும் ஒப்பிட்ட பின்னரே கூற முடிந்தது. கழன்ற தகடு சான்றுகளுள் ஒன்று மட்டுமே. அதனைத் தனியே வைத்து முடிவுகட்டலாகாது.

துருவேறிய இலக்கத்தை வெளிப்படுத்துவதற்குப் பொறுமையே முதற் கருவி. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஓரிரவு அதன்மேல் இட்டுவைத்து, மறுநாள் பித்தளைத் தூரிகையால் மெல்லத் தேய்க்கலாம். உளியும் அரைசக்கரமும் ஆகா. ஒரு நிமிடத்தில் மீளாத அழிவைச் செய்துவிடும். மேலே பல பூச்சுகள் இருப்பின் அவற்றைப் பூச்சு நீக்கியால் இளக்குதலே நன்று. பின்னர் வெண்கட்டியைப் பூசித் துடைத்தால் குழிகளில் வெண்மை தங்கும். இருட்டில் கைவிளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்தால், நேரொளியில் மறைந்த கோடுகளும் நிழலால் தோன்றும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதே நம் மைப்படி. 3உம் 8உம், 1உம் 7உம், 5உம் 6உம் மயக்கந்தருவன. ஐயமுள்ள இலக்கத்தின் இடத்தில் புள்ளி இடுக, ஊகத்தை எழுதற்க.

முற்றும் மறைந்ததாய்த் தோன்றும் இலக்கமும் சிலவேளை மறைவதில்லை. அச்சு அடிக்கும்போது குழியின் அடியிலுள்ள உலோகமும் நெருங்குண்டு மாறுகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அம்மாற்றம் ஆழத்தில் எஞ்சலாம். தக்க அமிலக் கரைசல் பட்டால் அப்பகுதி வேறுவிதமாய் அரிக்கப்பட்டு இலக்கம் தோன்றும். உருக்கில் இது நன்கு கைகூடும், வார்ப்பிரும்பில் அரிது. வீட்டுக் கொட்டிலில் முயலும் வேலை இதுவன்று. வழக்குக்குரிய வண்டிகளில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தார் செய்யும் ஆய்வு இது. அவர்களிடம் செல்லுமுன் எவரும் தேய்த்துப் பாராதிருத்தலே அவர்க்குச் செய்யும் உதவி.

இலக்கத்தை வாசித்து முடித்தபின் அவ்விடத்தை உலர்த்தி, நிறமற்ற மெல்லிய எண்ணெயோ மெழுகோ பூசுக. பலர் அழகு கருதித் தடித்த சிவப்புப் பூச்சைத் தகட்டின் மேலேயே தீட்டிவிடுகின்றனர். தேய்த்தெடுத்த தாளில் நாள், இடம், வண்டியின் வகை, முன்னெழுத்துகள், எஞ்சின் இலக்கம் ஆகியவற்றை எழுதிப் பதிவேட்டோடு சேர்த்து வைத்தல் வேண்டும். அடுத்த வாடைக்காற்று வந்து போவதற்குள் இதனைச் செய்யவேண்டிய வண்டிகள் சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை இன்னும் பல உள.