யாரைத் தேடி, யாரைப் பிடிக்கிறார்கள்?

2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடவோ, தாண்டவோ, எறியவோ விரும்பும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரி போதும், ரத்தமும் கொடுக்கலாம். தேடப்படுவது எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு. வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருப்பது, கருவை ஆணாக வளரத் தூண்டுவது. அது இருந்தால், மிகச் சில விலக்குகள் தவிர, பெண்கள் பிரிவில் இடமில்லை. அதே மாதம் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்த விதிப்படிதான் வீராங்கனைகள் களமிறங்கினார்கள்.

செய்தியைப் படித்தவர்களில் பலர், இது திருநங்கைகளைத் தடுப்பதற்கான விதி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆண் பருவமடைந்த பின் பெண்ணாக மாறியவர்களுக்கு உலகத் தடகளம் 2023 மார்ச்சிலேயே கதவைச் சாத்திவிட்டது. அப்படியானால் இந்தப் புதிய சோதனையில் சிக்கப்போவது யார்? பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்து, தன் உடலில் இப்படியொரு மரபணு இருப்பதே தெரியாமல் ஓட வந்தவள்தான். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் விவாதம் கெட்டுக் கிடக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

முதலில் திருநங்கைகள். 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில், நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்ட் 43 வயதில் பளு தூக்க வந்தார். ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் வெளிப்படையாகக் களமிறங்கிய முதல் திருநங்கை. மூன்று முயற்சிகளும் தோல்வி; வெறுங்கையோடு வெளியேறினார். அடுத்த மார்ச்சில் அமெரிக்காவில் லியா தாமஸ் 500 கெஜ ஃப்ரீஸ்டைல் நீச்சலில் பல்கலைக்கழக சாம்பியன் ஆனார். மூன்றே மாதத்தில் உலக நீச்சல் அமைப்பு, ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்கள் பெண்கள் பிரிவில் நீந்த முடியாது என்று அறிவித்தது. 2023 நவம்பரில் ஐ.சி.சி.யும் சர்வதேச மகளிர் கிரிக்கெட்டில் அதே முடிவை எடுத்தது. அதற்கு இரு மாதம் முன்புதான் கனடா அணிக்காக டேனியல் மக்காகி, சர்வதேச டி-20 ஆடிய முதல் திருநங்கை என்ற பெயரைப் பெற்றிருந்தார்.

உடலியல் என்ன சொல்கிறது? ஆண் பருவமடையும்போது பெருகும் டெஸ்டோஸ்டிரோன் எலும்பை நீட்டுகிறது, தோளை அகலமாக்குகிறது, தசையையும் ஹீமோகுளோபினையும் கூட்டுகிறது. உச்சநிலை ஓட்டப் பந்தயங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 10 முதல் 12 சதவீத இடைவெளி இருப்பது இதனால்தான். பின்னாளில் மருந்தால் அந்த ஹார்மோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் சில மாதங்களில் இறங்கிவிடுகிறது. தசை அப்படி இறங்குவதில்லை. ஓராண்டில் சுமார் 5 சதவீதம்தான் கரைகிறது. உயரம் குறையவே குறையாது. அமெரிக்க விமானப்படையினரின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், இரண்டாண்டு சிகிச்சைக்குப் பின் தண்டால் எடுப்பதில் மற்றப் பெண்களோடு சமமாகிவிட்ட திருநங்கைகள், ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் 12 சதவீதம் வேகமாகவே இருந்தார்கள். அவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, உலகப் போட்டி மேடையில் ஒரு கோடு தேவை என்றே நான் கருதுகிறேன். பெண்கள் பிரிவு என்று ஒன்று இருப்பதே அந்த 10 சதவீத இடைவெளியால்தான். அதைக் கேட்கும் வீராங்கனைகளை வெறுப்பாளர்கள் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

ஆனால் அந்தக் கோட்டை உலக மேடையிலிருந்து பள்ளிக்கூட மைதானம்வரை இழுத்துக்கொண்டு வருவதை ஏற்க முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் 2024 டிசம்பரில் செனட் குழுவிடம் சொன்ன கணக்கு இது: மொத்தம் 5,10,000 மாணவ விளையாட்டு வீரர்கள், அவர்களில் தமக்குத் தெரிந்த திருநர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாட்டின் அதிபரே அவர்களைத் தடுக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளை அரசியல் மேடையில் ஏற்றிவைத்து அடிப்பதற்கு நியாயம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள்.

இந்த மரபணுச் சோதனை புதிதல்ல. 1966-ல் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பெண்களை மருத்துவர்கள் முன் ஆடையில்லாமல் நிற்கவைத்துப் பார்த்தார்கள். அது அவமானம் என்ற குரல் எழுந்ததும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பாட்டினோ அதில் சிக்கினார். அவர் உடலில் ஒய் குரோமோசோம் இருந்தது. ஆனால் அந்த உடல் டெஸ்டோஸ்டிரோனை உணரவே உணராது. அதனால் அவருக்குக் கிடைத்த பலமும் எதுவுமில்லை. காயம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும்படி யோசனை சொன்னார்கள். மறுத்துத் தன் நாட்டுப் போட்டியில் ஓடினார். செய்தி கசிந்தது, உதவித்தொகை, சாதனைகள், நிச்சயமான திருமணம் எல்லாம் போயின. மூன்றாண்டு போராடித்தான் ஓடும் உரிமையை மீட்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்தபோது எட்டுப் பேருக்கு எஸ்.ஆர்.ஒய். இருப்பது தெரிந்தது. எட்டுப் பேரையுமே போட்டியிட அனுமதித்தார்கள். பயனில்லை என்று 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையைக் கைவிட்டது. கைவிட்ட அதே சோதனைதான் கால் நூற்றாண்டு கழித்துத் தடகளத்துக்குத் திரும்பியிருக்கிறது. பாட்டினோவின் உடல்வாகு கொண்டவர்களுக்கு இப்போது விலக்கு உண்டு. அந்த விலக்கை நிரூபிக்க மேலும் எத்தனை சோதனைகளுக்கு அவள் உடன்பட வேண்டும் என்பது வேறு கதை. 1990-ல் இந்த மரபணுவைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே, ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிக்க இது போதாது என்று வெளிப்படையாக எதிர்த்திருக்கிறார்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையைவிட 0.03 விநாடிதான் முந்தினார். சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு மருத்துவரும் நோயாளியும் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயம் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியது. அவர் திருநங்கை அல்ல, ஏமாற்றவும் இல்லை. சோதனை முடிவு வெளியான பிறகும் அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். அதைக் கொண்டு சாந்தி ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார். பிறகு வறுமை அவரையும் செங்கல் சூளைக்கே கூலி வேலைக்கு அனுப்பியது. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, அரசுப் பயிற்சியாளராக அவர் அமர்ந்தபோது தோஹாவுக்குப் பின் பத்தாண்டு கடந்திருந்தது.

ஒடிசா நெசவாளர் வீட்டுப் பெண் துத்தீ சந்த் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன் விலக்கப்பட்டபோது அவருக்கு 18 வயது. அவருக்கு வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். அவரை விலக்கிய டெஸ்டோஸ்டிரோன் வரம்பு விதியை விளையாட்டு நடுவர் மன்றம் 2015-ல் நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு ரியோவில் ஓடினார். உகாண்டாவின் அன்னெட் நெகேசாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் விலக்கப்பட்டு, மருத்துவ ஆலோசனையின் பேரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். உடல் தேறவில்லை, ஓட்டமும் முடிந்தது. உடம்பில் நோயே இல்லாத ஒருத்தி ஓடுவதற்காகக் கத்தியின் கீழ் படுக்க நேர்ந்ததை என்னால் எந்த நியாயத்திலும் சேர்க்க முடியவில்லை. பெரும்பாலும் இவர்கள் ஆசிய, ஆப்பிரிக்க ஏழை வீட்டுப் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். பணக்கார நாட்டில் பிறந்த பெண்ணுக்கு இப்படியொரு வேறுபாடு இருந்தால் சிறுவயதிலேயே மருத்துவர் கண்டுபிடித்துச் சொல்ல வாய்ப்பு அதிகம். நம் கிராமத்துப் பெண்ணுக்கு முதல் மருத்துவ அறிக்கையே சர்வதேச அமைப்பிடமிருந்து வருகிறது.

இனி நம் வீராங்கனைகளும் வெளிநாட்டுப் போட்டிக்கு முன் இந்தச் சோதனைக்குப் போயாக வேண்டும். ஆகவே கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். மாதிரி எடுப்பதற்கு முன், அது எதற்கு என்று அவள் மொழியில் ஒரு மருத்துவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். முடிவு அவளைத் தவிர, சட்டப்படி தெரிய வேண்டியவரைத் தவிர, ஒருவருக்கும் போகக் கூடாது. கசியவிட்டவர் பதவி இழக்க வேண்டும். போட்டியை விட நேர்ந்தால் அவளுடைய அரசு வேலையும் உதவித்தொகையும் தொடர வேண்டும். மாவட்ட, பள்ளி அளவில் இந்தச் சோதனை கூடவே கூடாது. பெண்கள் பிரிவில் ஓட டெஸ்டோஸ்டிரோனுக்கு ஓர் எண் வரம்பு வைத்த விதியைத் தடகள அமைப்பு கொண்டுவந்தது 2011-ல். அதற்கு ஐந்தாண்டு முன்பு சாந்தியிடமிருந்து பறித்த வெள்ளிப் பதக்கத்தை, இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.