ஒரு லேப்டாப், இரண்டு மானிட்டர்: ஹப் வாங்கும் முன் இதைப் பாருங்க!

வொர்க் ஃப்ரம் ஹோம். லேப்டாப்பின் சின்னத் திரை போதவில்லை. இரண்டு மானிட்டர், இரண்டு ஹெச்டிஎம்ஐ போர்ட் உள்ள ஒரு யூஎஸ்பி-சி ஹப் எல்லாம் வாங்கியாச்சு. மாட்டிப் பார்த்தால், இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்! ஹப் போச்சா, கேபிள் போச்சா என்று குழம்ப வேண்டாம். எத்தனை மானிட்டருக்குத் தனித்தனிப் படம் அனுப்ப முடியும் என்பதை முடிவு செய்வது லேப்டாப்தான்.

போர்ட்டைப் பாருங்க

யூஎஸ்பி-சி போர்ட் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால், சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டுமே போகும், படம் போகாது. போர்ட் அருகே மின்னல் குறியோ, டிஸ்பிளேபோர்ட் குறியோ இருந்தால் படம் போகும். குறி இல்லையா? தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஹெச்டிஎம்ஐ போர்ட்டும், படம் போகும் யூஎஸ்பி-சி போர்ட்டும் இருந்தால் வேலை சுலபம். ஆளுக்கொரு மானிட்டரை மாட்டிவிடலாம். பெரும்பாலும் ஹப்பே தேவைப்படாது.

மேக்கில் என்ன சிக்கல்?

ஒரே கேபிளில் இரண்டு மானிட்டருக்குத் தனித்தனிப் படம் அனுப்பும் நுட்பத்துக்கு ‘எம்எஸ்டி’ என்று பெயர். விண்டோஸ் இதை ஏற்கும். மேக் ஓஎஸ் ஏற்காது. அதனால்தான் விண்டோஸ் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடும் அதே ஹப், மேக்கில் ஒரே படத்தை இரண்டிலும் காட்டுகிறது.

எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏரில் ஒரு மானிட்டர்தான் இணைக்க முடியும். எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு.

பழைய மேக்கில் இரண்டு வேண்டுமென்றால், ‘டிஸ்பிளேலிங்க்’ டாக் ஒரு வழி. சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்ய வேண்டும். கோடிங், எக்ஸெல், மெயிலுக்கு ஓகே. கேமுக்கு ஒத்துவராது, ஓடிடி படங்கள் கறுப்பாகத் தெரியலாம்.

இதையும் கவனிங்க

* ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் விலை குறைவு. ஆனால், ஒரே படத்தை நகலெடுக்க மட்டுமே உதவும்.
* விண்டோஸில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரே படம் வந்தால், விண்டோஸ் கீயுடன் ‘பி’யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்வு செய்யுங்கள்.
* 4கே மானிட்டர் என்றால், ஹப் பெட்டியில் ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்றால் மவுஸ் நகர்வதே திக்கித் திக்கித் தெரியும்.

சவுண்ட் எங்கே போச்சு?

மானிட்டரை மாட்டியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதா? ஹெச்டிஎம்ஐ கேபிளில் ஒலியும் போவதால், கம்ப்யூட்டர் சவுண்டை மானிட்டருக்கு மாற்றியிருக்கலாம். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட்டை மீண்டும் ஸ்பீக்கருக்கு மாற்றினால் போதும்.

இரண்டு ஸ்பீக்கரில் ஒரே நேரத்தில் பாட்டு கேட்க, மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’ ஆப்பில் ‘மல்டி அவுட்புட் டிவைஸ்’ உருவாக்கலாம். விண்டோஸில், இரண்டும் வயர் ஸ்பீக்கர் என்றால் 3.5 மி.மீ. ‘ஒய்’ ஸ்ப்ளிட்டரே போதும். மீட்டிங் ஹெட்செட்டிலும் பாட்டு ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டுமா? விண்டோஸ் 11 ‘வால்யூம் மிக்ஸரில்’ ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி அவுட்புட் கொடுக்கலாம்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை எடுத்துச் செல்லுங்கள். ‘ரெண்டு மானிட்டர் வருமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ரெண்டுலயும் வேற வேற படம் வருமா?’ என்று கேட்டு வாங்குங்கள்.