தீபாவளி முடிஞ்சு ராமேஸ்வரம் ட்ரிப்பா? கடலுக்கு அடியில் ஒரு கணக்கு நடக்குது, தெரியுமா?

தீபாவளி முடிந்ததும் சிவகாசியில் பட்டாசு ஆலைகள் சில வாரங்களுக்கு மூடிக் கிடக்கும். வருஷம் முழுக்க மருந்து வாசத்தோடு இருந்தவர்கள் வேன் பிடித்துக் கிளம்புவது அப்போதுதான். திருச்செந்தூர், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று லிஸ்ட் கடலோரமாகவே போகும். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால், 1985-ல் பிரியும்வரை நாமும் ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்த வகையில் மன்னார் வளைகுடா நமக்குப் பங்காளி வீட்டுச் சொத்து!

சொத்தின் நிலவரம் அவ்வளவு நன்றாக இல்லை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இருந்த 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. 1969-ல் 20.85 ஹெக்டேர் இருந்த காரியாச்சல்லி, 2018-ல் 5.97 ஹெக்டேர். காரணம், சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பல வருஷங்களாகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததுதான். அலையின் வேகத்தை உடைப்பதே அந்தப் பாறைகள். வேலியைப் பிடுங்கிவிட்டுத் தோட்டம் எங்கே என்று தேடிய கதை.

இதெல்லாம் எப்படித் தெரியும்? தரைக்கு மேலே இருப்பதை வரைபடம், செயற்கைக்கோள் படம் வைத்து அளந்துவிடலாம். அடியில் இருப்பதை ஆள் இறங்கித்தான் எண்ண வேண்டும். முக்குளிப்பவர் கடல் தரையில் ஓர் அளவு நாடாவை விரிப்பார். நாடாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எவ்வளவு செத்தது, எவ்வளவு பாசி, எவ்வளவு மணல் என்று தண்ணீருக்குள்ளேயே எழுதிக்கொள்வார். கடற்புல் என்றால் நாடாவுக்குப் பதில் ஒரு சதுரச் சட்டம். அதைப் புல்வெளி மேல் வைத்து, உள்ளே எவ்வளவு பச்சை என்று பார்ப்பார்கள். கேட்க ரொம்ப சாதாரண வேலை. அடுத்த வருஷமும் அதே இடத்தில் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இப்படித் தொடர்ந்து எடுத்த கணக்கில்தான் 2016 கோடையின் பாதிப்பு எண்ணாக வந்தது. கடல் சூடேறினால் பவளம் தனக்குச் சாப்பாடும் நிறமும் தருகிற நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். அந்த ஒரே சீசனில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவிகிதத்திலிருந்து 22.7 ஆகிவிட்டது.

சரி, இதுக்கும் டூருக்கும் என்ன சம்பந்தம்? படகு எங்கே போகலாம், நங்கூரம் எங்கே போடக்கூடாது, எந்த மாதத்தில் பறவைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது... எல்லாவற்றுக்கும் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 'ரீஜெனரேட்டிவ் டூரிஸம்' என்று இப்போது சொல்கிறார்களே, அது 'குப்பை போடாமல் வந்தேன்' என்பதோடு முடியாது. நீங்கள் போனதால் அந்த இடம் கொஞ்சமாவது தேற வேண்டும். தேறியதா, இல்லையா? பழைய கணக்கு கையில் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கில் மனிதர்களும் வர வேண்டும் என்பது என் கருத்து. பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடல்பாசி எடுப்பவர்கள். பூங்கா விதிகள் இறுகியபோது அவர்கள் பிழைப்பே குற்றமானது. மாதம் 12 நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் 'சீகாலஜி' விருது கிடைத்தது. எங்கே பாசி வளருது, எங்கே குறையுது என்று நாடா இல்லாமலே தெரிந்தவர்கள். அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, டிக்கெட் வாங்கிய நம்மை மட்டும் உள்ளே விட்டால் அது என்ன மீட்பு? ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவதில் வனத்துறையோடு ஊர்க்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். வேனை அந்தப் பக்கமும் ஒருமுறை திருப்புங்களேன்.

போகும்போது இரண்டு விஷயம். யாராவது பவளத் துண்டை ஷோகேஸுக்கு என்று நீட்டினால் வாங்காதீர்கள். 2001-லிருந்து அது புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. தனுஷ்கோடியில் பூநாரைகளைப் பார்த்தால், அவை பறக்கிற வீடியோவுக்காகக் கிட்டே ஓடாதீர்கள். 2025-ல் அந்த இடம் அவற்றுக்கான சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது. பறவைக்காக விட்டுக்கொடுப்பது நமக்குப் புதுசும் இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. சிவகாசிக்குக் கொஞ்சம் வியாபார நஷ்டம்தான், பரவாயில்லை!

கணக்கெடுக்க நீங்களும் வரலாம், கடலுக்குப் போகாமலே. வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊர்க் கண்மாய்க் கரையில் 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி 'இ-பேர்டு' ஆப்பில் பதிவு செய்தால் போதும். பெயர் தெரியாத பறவை என்றால் பக்கத்தில் ஆடு மேய்க்கிற தாத்தாவைக் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.