எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி: இப்போதே ஏன் திட்டமிட வேண்டும்?

கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயுவும், விண்மீன் திரள்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் பல கோடி டிகிரி வெப்ப வாயுவும் எக்ஸ் கதிர்களை வீசுகின்றன. அவற்றை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அதனால் மலை உச்சியும் பயன்படாது. தொலைநோக்கி விண்வெளிக்கே போக வேண்டும். 1999-ல் நாசா ஏவிய சந்திரா, ஐந்தாண்டுப் பணிக்கென வடிவமைக்கப்பட்டு, கால் நூற்றாண்டு உழைத்துவிட்டது. இருப்பதே நன்றாக உழைக்கும்போது புதியது எதற்கு என்று கேட்கலாம். சந்திராவுக்கான முன்மொழிவு எழுந்தது 1976-ல்; அது விண்ணுக்குப் போக 23 ஆண்டுகள் ஆயின. பழையது ஓய்ந்தபின் புதியதைத் தொடங்கினால், ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் கண்ணிழந்து காத்திருக்க நேரும்.

செலவைக் காட்டி மறுப்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமை 2014-ல் தேர்ந்தெடுத்த அதீனா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கித் திட்டத்தின் செலவு மதிப்பீடு எகிறியதால், 2022-ல் அதை மறுவடிவமைக்க முடிவாயிற்று. இப்போது அதன் பெயர் நியூ அதீனா. அப்படியானால் சிறிய செயற்கைக்கோள்களே போதாதா? போதாது. எக்ஸ் கதிர் ஆடியில் நேராக விழுந்தால் உறிஞ்சப்பட்டுவிடும். குளத்தில் சாய்வாக வீசிய ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதுபோல, மிகச் சாய்வாகப் பட்டால்தான் தெறிக்கும். எனவே பெரிய ஆடிப் பரப்பும் சிறிதளவு கதிர்களையே சேர்க்கிறது. ஒளிமிக்க பொருள்களைச் சிறிய கருவிகள் கண்காணிக்கலாம். தொலைதூர இளங்கருந்துளைகளின் மங்கிய கதிர்களுக்குப் பெரிய ஆடிகளே வேண்டும். சிக்கனம் வடிவமைப்பில் இருக்கட்டும். தொடங்குவதைத் தள்ளிப்போடுவது சிக்கனம் ஆகாது.